வால்வில் கட்டிய சிவப்புத் துணி

போன மாதம் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சிங்காநல்லூரில் நான் வேலை செய்த குடியிருப்புக்குப் போயிருந்தேன். பி பிளாக் லிஃப்ட் பக்கத்தில் ஒரு புதுப் பெண் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, "ஏனுங்கம்மா, இங்க பாத்ரூம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள். காலை ஏழு மணிக்கு வந்தவளாம். அப்போது மணி பதினொன்று.

இப்போது ஒரு நாளைக்கு ஆள் வேண்டுமென்றால் போனைத் தட்டினால் போதும் என்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் கேட்டில் ஆள் வந்து நிற்கிறது. வேலை முடிந்ததும் அந்த ஆளுக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட வேண்டுமாம். எல்லாம் சரிதான். நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு படி கூட்டிய அந்தப் பெண், நமக்கு எத்தனை நட்சத்திரம் போடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினேன். அதைக் கவனித்த குடியிருப்புச் சங்கத்துக்காரர் ஒருவர், "தெய்வானையம்மா, நம்ம ஆண்டு மலருக்கு உங்க பழைய கதையையெல்லாம் எழுதிக் குடுங்களேன்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு யார் எதைக் கேட்டாலும் தலைதான் முதலில் ஆடும், வாய் பிறகுதான் வரும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்துப் பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். ஆட்கள் முன்னால் பேசுவதைவிடத் தாளில் எழுதுவது எனக்கு எளிது. தாள் என் முகத்தைத் திருப்பிப் பார்க்காது.

முதலில் பஞ்சாலையில் நூல் சுற்றும் வேலை. ஆலையை மூடினார்கள். பிறகு ஒரு கான்ட்ராக்டர் என்னைப் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு லீவு ஆளாக அனுப்பினார். நிரந்தரமாக இருக்கிறவர் லீவு போட்டால் அவருக்குப் பதிலாகப் போய் நிற்பதுதான் லீவு ஆள் வேலை. அப்படித்தான் இந்தக் குடியிருப்புக்கும் வந்தேன். இங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பேரன் பிறந்திருந்தான், பத்து நாள் லீவு. அந்த அம்மா பேரனைக் கொஞ்சிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். நான் இங்கேயே இருந்துவிட்டேன். சில வருடங்களில் கூட்டுகிறவர்களுக்கெல்லாம் மேலே என்னை சூப்பர்வைசர் என்று சொன்னார்கள். சொன்னார்களே தவிர, துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.

மேனேஜர் ராஜகோபால் சாரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அவரும் ஆலையிலிருந்து வந்தவர்தான், டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சீப்பு. தலையில் சீவுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை, ஆனாலும் சீப்பு இருக்கும். அவர் யாரையும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் 'ங்க' கூடிவிடும். சாதாரணமாக, "தெய்வானை, படியைக் கூட்டீட்டீங்களா?" என்பார். கொஞ்சம் கோபம் என்றால், "ஏனுங்க தெய்வானைங்க, படியைக் கூட்டீட்டீங்களாங்க?" ரொம்பக் கோபம் என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' விழும். நாங்கள் எண்ணுவோம். மூன்றைத் தாண்டினால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவோம்.

தற்காலிக ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அதில் ஒன்று முன்னே பின்னே மாறினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதலில் பேரைக் கேட்க வேண்டும். கேட்டு நோட்டில் எழுத வேண்டும். அன்று முழுக்க அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "ஏ லீவு" என்று கூப்பிட்டால் அவர் காதில் விழுந்துவிடும், எங்கே இருந்தாலும் விழுந்துவிடும். இரண்டாவது, ஒரு டீ. மூன்றாவது, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும், சொன்னால் போதாது, கூடவே நடந்து போய்க் காட்ட வேண்டும். "புதுசா வந்தவிய கேக்கறதுக்குக் கூச்சப்படுவாங்க. கூச்சம்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான்காவதுதான் வேலையைச் சொல்வது. ஐந்தாவது, சொன்னதை அந்த ஆள் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பது. திருப்பிச் சொன்னது சரியாக இருந்தால்தான் கையில் துடைப்பமோ சாவியோ போகும்.

இந்த ஐந்தாவது ஏன் வந்தது என்றால், ஒரு தற்காலிக வாட்ச்மேனால் வந்தது. "ஸ்டிக்கர் இல்லாத வண்டியை உள்ளே விடாதீங்க" என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அன்றைக்குப் பார்த்துச் சங்கச் செயலாளர் சண்முகம் சார் புதுக் கார் எடுத்துப் பூ மாலை போட்டுக் குடும்பத்தோடு வந்தார். புதுக் காரில் ஸ்டிக்கர் எப்படி இருக்கும்? வாட்ச்மேன் விடவில்லை.

"நான் செக்ரட்டரிப்பா!"

"இருக்கட்டுங்க. ஸ்டிக்கரைக் காட்டுங்க."

"ஸ்டிக்கர் குடுக்கறதே நான்தாம்ப்பா!"

"அப்ப உங்ககிட்டதானே இருக்கோணும். எடுத்து ஒட்டிக்கிட்டு வாங்க."

நல்ல நேரம் தாண்டுவதற்குள் ராஜகோபால் சார் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து திறந்துவிட்டார். இன்னொரு தடவை, மார்கழிக் கோலப் போட்டியன்று ஒரு லீவு அம்மாவிடம், "தரையில ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாதுங்க" என்று நான்தான் சொன்னேன். பார்வையிட வருகிறவர்கள் வருவதற்குள் ஏ பிளாக் முன்னால் இருந்த ஏழு கோலத்தையும் அந்த அம்மா கழுவி, துடைத்து, காயவும் வைத்துவிட்டார். நடுவராக வந்தவர் வெறும் தரையைப் பார்த்து, "ரொம்ப சுத்தமா இருக்குது" என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குக் கிடைத்தது நாலு 'ங்க'.

இப்போது மரகதம் விஷயத்துக்கு வருகிறேன். இதை இதுவரை யாரும் முழுதாக எழுதியதில்லை. எழுத வேண்டியவள் நான்தான்.

நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அடுக்குமாடி என்றால் இரண்டு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் கார்ப்பரேஷன் தருவது நல்ல தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் போர்வெல்லில் எடுப்பது உப்புத் தண்ணீர். மாடியில் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி. நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிசு.

எங்கள் மோட்டார் ரூமில் ஒரே வரிசையில் நாலு வால்வு. நாலும் ஒரே அளவு, ஒரே மாதிரி வட்டக் கைப்பிடி. மூன்றைத் தினமும் காலையில் திறந்து மோட்டாரைப் போட வேண்டும். நான்காவதைத் தொடவே கூடாது. அது இரண்டு குழாயையும் சேர்க்கிற வால்வு, தொட்டி கழுவுகிற அன்றைக்கு மட்டும் திறப்பது. அதைத் திறந்துவிட்டால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் குழாயில் ஏறிவிடும்.

மோட்டார் ரூமுக்கு ஆறுமுகம் அண்ணன் ராஜா. கோபிசெட்டிபாளையத்துக்காரர். அந்த நான்காவது வால்வில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரம்மாவின் பழைய சேலை ஓரம். கிரீஸ் ஏறி ஏறி அது சிவப்பா கறுப்பா என்று யோசிக்க வேண்டியிருக்கும். "ஒரு போர்டு எழுதி மாட்டுங்களேன்" என்று ராஜகோபால் சார் பல தடவை சொல்லிப் பார்த்தார். "போர்டு வெச்சா படிச்சுப்போட்டு ஆளாளுக்கு வந்து திருகுவாங்க. துணின்னா எனக்குத் தெரியும், நான் சொன்ன ஆளுக்குத் தெரியும்" என்பது ஆறுமுகம் அண்ணன் பதில்.

அவர் தை பிறந்ததும் வேலையை விட்டு ஊருக்குப் போவதாக இருந்தது. அந்த இடத்துக்குத்தான் மரகதத்தை லீவு ஆளாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மரகதம் கிணத்துக்கடவுக்காரி, நாற்பது வயது இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து தோப்பில் கிணற்று மோட்டாரை அவள்தான் பார்த்திருக்கிறாள். வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு தோப்பு வேலையும் போனது. மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே, "பேரிங் போகப் போகுதுங்க" என்பாள். போய்விடும். ஆனாலும் பொம்பளை கையில் மோட்டார் ரூம் சாவியா என்று சங்கத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தயக்கம் இருந்தது. தை வரைக்கும் லீவு நாளில் வந்து ஒரு தப்பும் செய்யாமல் இருந்தால் அந்த வேலை அவளுக்கு என்று பேச்சு.

ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் படாத இரும்பு இருக்காது. ஆறுமுகம் அண்ணன் மதியமே கோபிக்குக் கிளம்பிவிட்டார், அவர் வீட்டில் சைக்கிளும் மண்வெட்டியும் காத்திருக்கும். மறுநாள் விஜயதசமிக்கு மரகதம் வருவதாக ஏற்பாடு. போவதற்கு முன்னால் அவளை வரவழைத்து வேலையைச் சொல்லிவிட்டுத்தான் போனார். ராஜகோபால் சார் முறைப்படி அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

"சிவப்புத் துணி கட்டுனதைத் தொடக் கூடாதுங்க. துணி கட்டாதது எல்லாத்தையும் தொறந்துபோட்டு மோட்டாரைப் போடோணுமுங்க."

"சரிங்க. காலையில வந்து சாவியை வாங்கிக்குங்க" என்றார் சார்.

சாயங்காலப் பூஜைக்கு மோட்டார் ரூமைக் கழுவும் பொறுப்பு எனக்கு. கழுவுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஆள் முன்னால் பேசத் தெரியாது, தரையைப் பளிச்சென்று ஆக்கத் தெரியும். மோட்டாரைத் துடைத்தேன், குழாயைத் துடைத்தேன், வால்வுகளைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். அந்தக் கிரீஸ் துணி கண்ணில் பட்டது. சாமி படத்துக்கு நேர் எதிரே அழுக்குத் துணி தொங்கினால் எப்படி இருக்கும்? அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். புதுசாக ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன். நாலு வால்வுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு துண்டு சாமந்திச் சரம். நாலும் கல்யாணத்துக்கு வந்த அக்கா தங்கைகள் மாதிரி ஒரே அலங்காரத்தில் நின்றன. துணி எடுக்கப் போனேன். போகிற வழியில், "தெய்வானை, பொரி கடலை பொட்டலம் சி பிளாக்குக்கு வரல" என்று யாரோ கூப்பிட்டார்கள். பொரியைக் கொடுக்கப் போனவள் போனவள்தான்.

விஜயதசமி காலை ஆறு மணிக்கு மரகதம் வந்தாள். எந்த வால்விலும் துணி இல்லை. இன்றைக்கு நாலையும் திறக்க வேண்டும் போல என்று நினைத்திருக்கிறாள். துணி கட்டாதது எல்லாவற்றையும் திறந்தாள். மோட்டாரைப் போட்டாள்.

ஒன்பது மணிக்குச் சங்கத்து வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தது. எந்த வீட்டிலும் முதலில் தண்ணீர் என்று தோன்றவில்லை. "இன்னைக்கு பருப்பு வேகலையே, யாருக்காவது அப்படி இருக்கா?" என்று ஒருவர் போட்டார். நாலு விசில் வைத்தும் வேகவில்லை என்று இன்னொருவர். குக்கர் காஸ்கெட்டை மாற்றச் சொல்லி ஒருவர் யோசனை. டி பிளாக்கில் ஒரு மாமியார் மருமகள் கையில் ராசி இல்லை என்று சொல்ல, அந்த மருமகள் அம்மா வீட்டுக்குப் பெட்டியை எடுத்துவிட்டாள். சி பிளாக்கில் ஒருவர் வேகாத பருப்பைப் பாத்திரத்தோடு எடுத்துப்போய் மளிகைக் கடை மேஜையில் வைத்துச் சண்டை போட்டு, புதுப் பருப்பு வாங்கி வந்து, அதுவும் வேகாமல், மறுபடி போனார். யார் என்று எழுத மாட்டேன். அவர் இந்த மலரைப் படிப்பார், அந்தக் கடைக்காரரும் படிப்பார். கடைசியில் ஏ பிளாக்கில் ஒரு பாட்டி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது உப்புத் தண்ணிடி" என்றதும்தான் எல்லாருக்கும் விளங்கியது. நாலு பிளாக் மாடித் தொட்டியும் கெட்டுப்போயிருந்தது. முந்தின நாள்தான் நல்ல தண்ணீர் வந்து நிரம்பியிருந்தது. இனி அடுத்த வாரம்தான். பண்டிகைக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் கேன் தண்ணீர்.

விஷயம் கேட்டதும் எனக்குத் துணி ஞாபகம் வந்துவிட்டது. அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் ரூம் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். வாயைத் திறந்தேன், ஏதோ ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் நான் இருமுகிறேன் என்று நினைத்து நகர்ந்து நின்றுகொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆறுமுகம் அண்ணன் வந்ததும் நேராக வால்வைத்தான் பார்த்தார்.

"துணி எங்கம்மா?"

"துணியே இல்லீங்கண்ணா. நான் வாரப்பவே இல்லீங்க."

"எட்டு வருசமா நான் கட்டுன துணி. அது எந்திரிச்சு நடந்து போச்சா?"

"சத்தியமா இல்லீங்கண்ணா."

"மாத்தித் தொறந்துபோட்டு, தப்பை மறைக்கறதுக்கு அவுத்து வீசீட்டயா?"

அவருக்கு அந்தத் துணி மேல் அவ்வளவு நம்பிக்கை. கவனக்குறைவு என்பது ஒரு பேச்சு, பொய்க்காரி என்பது வேறு பேச்சு. சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்க இரண்டாவது பேச்சுதான் ஓடியது.

அன்று சாயங்காலம் அவள் என்னைத் தேடி பி பிளாக் மாடிப்படிக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அக்கா, வேலை போனாப் போகுதுங்க. திருட்டுப் பொய் சொல்றேன்னு சொல்றாங்களே. நீங்களாச்சும் நம்பறீங்களா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல என்னை நிறுத்தப் போறாங்களாமா. நான் மாரியம்மன் கோயில்ல சூடத்தை அணைச்சு சத்தியம் பண்றேன்னு ஆறுமுகண்ணன்கிட்ட சொல்லீட்டேனுங்க."

"நம்பறேன் அம்மணி" என்றேன்.

என்னைவிட அதிகமாக அதை நம்புவதற்கு உலகத்தில் வேறு ஆள் ஏது? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர் போதுமுங்கக்கா" என்றாள். அவள் இறங்கிப் போன பிறகு அந்தப் படியை நான் மூன்று தடவை கூட்டினேன். அதில் தூசி ஒன்றும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்று பேசுவது. ராஜகோபால் சாரிடம் தனியாகச் சொல்லலாம் என்று சனிக்கிழமை இரண்டு தடவை அவர் மேஜை வரை போனேன். ஒரு தடவை, "என்னங்க தெய்வானை?" என்றார். "பினாயில் தீந்துபோச்சுங்க" என்றேன். இரண்டாவது தடவை, "துடைப்பமுங்க" என்றேன். இரண்டும் தேவைக்கு மேலேயே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சங்க ஹாலில் கூட்டம். டீ கொண்டுபோவது என் வேலை. சண்முகம் சார் நடுவில் உட்கார்ந்து தீர்மான நோட்டைத் திறந்து வைத்திருந்தார். மரகதத்தை வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். எல்லாருக்கும் டீ கொடுத்து முடித்தேன். வழக்கமாகத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அன்றைக்குத் தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

"போதும் தெய்வானை, எல்லாருக்கும் வந்துருச்சு" என்றார் சண்முகம் சார்.

"நானுங்க" என்றேன்.

"சர்க்கரை சரியாத்தான் இருக்குதும்மா."

"நான்தானுங்க."

"என்ன நீங்க?"

"துணியை நான்தானுங்க அவுத்தேன்."

தட்டில் மீந்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று ஆடின. அதை நிறுத்தத் தெரியாமல் நிற்கிறேன். பார்த்துக்கொண்டிருந்த ஏ பிளாக் பாட்டி, காப்பியில் உப்புக் கண்டுபிடித்தாரே அவர்தான், எழுந்து வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சொல்லு கண்ணு" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

சொன்னேன். கிரீஸ் துணி, சாமி படம், சந்தனம், பொரி பொட்டலம் எல்லாம் சொன்னேன். "அழுக்குத் துணியை வெச்சுக்கிட்டு எப்புடிங்க சாமி கும்புடறது?" என்று கேட்டதும், பாட்டி, "அதெப்படிக் கும்புட முடியும்?" என்று சபையைப் பார்த்துச் சண்டைக்கு நின்றார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. ஆறுமுகம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "எட்டு வருசத் துணி" என்று முணுமுணுத்தார்.

சண்முகம் சார் தீர்மான நோட்டைப் பின்னால் புரட்டினார். "நம்ம ரூல் இருக்குது. தற்காலிக ஆள் தப்பு செஞ்சா நிறுத்தறது, நிரந்தர ஆளுக்கு ஒரு எச்சரிக்கை. தெய்வானையம்மா நம்ம நிரந்தர ஆளு. எச்சரிக்கைன்னு எழுதி முடிச்சிரலாம்" என்றார். மனிதருக்கு நல்ல மனசு. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

ராஜகோபால் சார் தொண்டையைக் கனைத்தார். "அவிய நிரந்தர ஆளு இல்லீங்க."

"பின்னே?"

"லீவுக்கு வந்தவங்க. பத்து நாளைக்குன்னு நோட்டுல இருக்குது. பதினாறு வருசமாச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப ரூல்படி..." என்று சண்முகம் சார் இழுத்தார். முடிக்க அவருக்கும் விருப்பமில்லை, நோட்டை மூடவும் வழி தெரியவில்லை.

ராஜகோபால் சார் எழுந்து நின்றார். சீப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ரூல்படிங்க இவியளைங்க நிறுத்தீரலாமுங்க. தைக்குங்க அப்பறமுங்க தண்ணிங்க யாருங்க உடறதுங்க? நாளைக்கிங்க காலையிலைங்க படிங்க யாருங்க கூட்டறதுங்க? சொன்னதைங்க சொன்னபடிங்க செஞ்சவளைங்க..."

நான் எண்ணினேன். பத்துக்கு மேல் எண்ண முடியவில்லை. பதினாறு வருடத்தில் அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதுவும் சங்கத்தாரைப் பார்த்து. ஹாலில் இருந்தவர்களுக்கும் கணக்குத் தெரியும் போல, ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்த ரூலைச் சண்முகம் சாரே பேனாவால் குறுக்கே அடித்தார். நான்காவது வால்வுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, 'தொடாதே' என்று போர்டும் மாட்டுவது என்று தீர்மானம். சூடம், சத்தியம் எதுவும் வேண்டாம், தை முதல் மோட்டார் ரூம் மரகதத்துக்கு என்று அன்றைக்கே எழுதினார்கள். என்னை நிரந்தரமாக்குவதை அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் லிஃப்ட் கெட்டுப்போனது பற்றிப் பேசினார்கள். பிறகு அவர்களும் மறந்துவிட்டார்கள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. நான் ஓய்வு பெற்றதும் லீவு ஆளாகத்தான்.

கூட்டம் முடிந்து கேட்டுக்கு வந்தேன். மரகதம் சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னுங்கக்கா சொன்னாங்க?"

"உன்னை இருக்கச் சொல்லீட்டாங்க. தையிலிருந்து உனக்குத்தான்."

"எப்புடீங்க?"

"துணியை நான் அவுத்ததைச் சொன்னேன்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். வேப்ப மரத்தடியில் நின்றோம். அப்புறம் கேட்டாள்.

"எப்பீங்க அவுத்தீங்க?"

"பூசையன்னைக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை நான் வந்து அழுதப்ப?"

"அப்பவும் தெரியும் அம்மணி."

"இப்ப நான் உங்களைக் கும்புடறதுங்களா, வையறதுங்களா?"

"வைஞ்சுபோடு" என்றேன். கும்பிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

வைதாள். என்ன வசவு! ஒரு மரியாதை குறையவில்லை. "உங்களுக்கு வாயிங்கறது வெத்தலை போடறதுக்கு மட்டும்தானுங்களா? மூணு நாளுங்க, மூணு நாள் சோறு எறங்கலீங்க. எங்க ஊட்டுக்காரர் படுத்துக்கிட்டே, நெசமாலுமே துணி இல்லாமத்தான் இருந்துச்சா புள்ளைன்னு என்னையே கேக்கறாருங்க. நம்பறேன் அம்மணின்னு சொன்னீங்களே, அந்த மூஞ்சியை எங்கீங்க வாங்குனீங்க?" நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றேன். நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு பேர் அக்கா தங்கைச் சண்டை என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

உக்கடம் பஸ் வந்து நின்றது. அவள் அதில் போய்த்தான் கிணத்துக்கடவுக்கு மாற வேண்டும். கண்டக்டர் படியில் நின்று, "ஏறறீங்களா இல்லீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க போங்கண்ணா, இன்னும் முடியலீங்க" என்றாள் மரகதம்.

பஸ் போய்விட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் நகர்ந்து, நிழலில் அவளுக்கு இடம் விட்டேன்.